தமிழைக் கணிப்பொறியில் சேமிக்கும் முறை: நம் குடும்பங்களுக்கு ஒரு பாடம்



தமிழ் எழுத்துகளைக் கணிப்பொறியில் எந்த முறையில் சேமிப்பது என்பது வல்லுநர்களின் கவலை, நமக்கு அதில் என்ன வேலை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஊரை விட்டு வந்து வடநாட்டில் வாழும் நமக்குத்தான் இந்தக் கவலை அதிகம் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு ஏடு அழிந்தால் அதன் பிரதி இன்னொரு நூலகத்தில் கிடைக்கலாம். நம் சங்கத்து இதழும் உறுப்பினர் பதிவேடும் விழா மலரும் நம்மிடம் மட்டுமே உள்ளன. அவற்றைப் படிக்க முடியாமல் போனால், இந்நகருக்கு நம்மவர்கள் வந்த கதையைச் சொல்ல வேறு சான்று இல்லை.

இதழின் தட்டச்சுப் பணியைக் கவனித்து வருபவன் என்ற முறையில், யூனிகோடு என்னும் பொது விதியை நம் சங்கத்தில் நடைமுறைக்குக் கொண்டுவர நாங்கள் செய்தவற்றை இங்கே பாடமாக எழுதுகிறேன். தமிழில் இதனை ஒருங்குறி என்றும் கூறுவர். விதி நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அதைப் பின்பற்றும் வழி சாதாரண மனிதருக்கு எளிதாக இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது அவ்வளவே.

மூன்றையும் பிரித்து அறிதல்

முதலில் மூன்று சொற்களைக் குழப்பிக்கொள்ளாமல் பிரித்து அறிய வேண்டும். நாம் விரலால் தட்டுவது விசைப்பலகை. கண்ணால் பார்ப்பது எழுத்துரு, அதாவது ஃபான்ட். இவ்விரண்டுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல் கணிப்பொறி நினைவில் வைத்துக்கொள்வது குறியாக்கம்.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 'க' என்று நாம் அடித்தால் அது ஓர் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் கோப்பைத் திறக்கும்போது அந்த எண்ணுக்குரிய வடிவத்தை எழுத்துருவிலிருந்து எடுத்துத் திரையில் காட்டும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஒப்பந்தமே குறியாக்கம். சேமித்தவரும் படிப்பவரும் ஒரே ஒப்பந்தத்தில் இருந்தால் தமிழ் தெரியும். வேறு வேறு ஒப்பந்தத்தில் இருந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் கேள்விக்குறிகளும் கட்டங்களும் தெரியும்.

பல பாதைகள் இருந்த காலம்

தொடக்கக் காலக் கணிப்பொறிகள் 1963 இல் வெளியான ஆஸ்கி என்னும் அமெரிக்க விதியைப் பின்பற்றின. அதில் 128 இடங்கள் மட்டுமே இருந்தன. அவை ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் குறிகளுக்கும் சரியாகப் போயின. பிறகு இடங்கள் 256 ஆகப் பெருகியபோது, மேல் பாதியில் இருந்த 128 இடங்களில் மற்ற மொழியினர் தம் எழுத்துகளை வைக்கத் தொடங்கினர். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என மொத்தம் 247 எழுத்துகள். அத்தனையும் 128 இடத்தில் அடங்கா. ஆகவே எழுத்துகளைக் கொம்பு, கால், சுழி என்று துண்டுகளாகப் பிரித்து, அவரவர் விருப்பப்படி இடங்களில் வைத்தனர். வேறு சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தனர்.

இதனால் ஒவ்வோர் எழுத்துருவும் ஒரு தனி ஒப்பந்தம் ஆயிற்று. ஒன்றில் அடித்ததை மற்றொன்றில் படிக்க முடியாது. இந்த அவதியை ரயில் பயணத்தோடு ஒப்பிட்டால் எளிதில் விளங்கும். வடக்கிலிருந்து அகலப் பாதையில் வந்து சென்னை சென்ட்ரலில் இறங்கி, பெட்டி படுக்கையுடன் எழும்பூர் சென்று, மீட்டர் பாதை வண்டியில் ஏறி மதுரைக்கோ திருச்சிக்கோ சென்ற நாட்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர், மீட்டர் பாதை 1,000 மில்லிமீட்டர். தண்டவாளத்தின் அகலம் மாறுவதால் அதே வண்டி மேற்கொண்டு போக முடியாது. பாதைகளை ஒரே அகலத்துக்கு மாற்றும் திட்டத்தை ரயில்வே 1992 இல் தொடங்கியது. தமிழ் எழுத்துருக்களின் கதையும் அதுதான். பாதை மாறும் இடந்தோறும் சுமையை இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது.

இதைத் தீர்க்கத் தமிழர்கள் சும்மா இருக்கவில்லை. பல நாடுகளில் இருந்த ஆர்வலர்கள் கூடி 1990களில் திஸ்கி என்ற பொது அமைப்பை உருவாக்கினர். 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் நடந்தன. சென்னை மாநாட்டை அடுத்து டாம், டாப் என்னும் குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் ஏற்றுக்கொண்டது. 2000 இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவாயிற்று. 2010 ஜூனில் கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, யூனிகோடையும் டேஸ்16 என்னும் அமைப்பையும் தமிழ்நாடு அரசு தன் தரமாக அறிவித்தது.

யூனிகோடு செய்தது என்ன?

யூனிகோடின் முதல் பதிப்பு 1991 இல் வெளிவந்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனி எண் என்பதே அதன் அடிப்படை. இன்று அதில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளும் குறிகளும் உள்ளன. ஒரு முறை ஓர் எழுத்துக்குக் கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது அதன் உறுதிமொழி. நமக்கு வேண்டிய நம்பிக்கை இதில்தான் உள்ளது.

தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. 'அ' 2949, 'க' 2965, 'ம' 2990. இது பத்தின் அடிப்படையில் எழுதிய எண். கணிப்பொறி வல்லுநர்கள் பதினாறின் அடிப்படையில் எழுதுவர். எண் ஒன்றுதான்.

247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் கொடுக்கப்படவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். உயிரெழுத்துக்கும், 'க', 'ங', 'ச' போன்ற அகரமேறிய மெய்க்கும், கொம்பு, கால் முதலிய குறிகளுக்கும், புள்ளிக்கும் எண்கள் உண்டு. மற்றவை சேர்த்து எழுதப்படும். 'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். கணிப்பொறிக்கு ஐந்து எண்கள்:

த - 2980
ம - 2990
இகரக் குறி - 3007
ழ - 2996
புள்ளி - 3021

பள்ளிச் சிறுவர்களிடம் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று தமிழ் வகுப்பில் படித்தது கணக்காக மாறியதைக் கண்டு மகிழ்ந்தார்கள்.

விதி இருந்தும் பழக்கம் வராதது ஏன்?

2000 இல் வந்த விண்டோஸிலேயே லதா என்ற யூனிகோடு தமிழ் எழுத்துரு இருந்தது. அரசாணையும் 2010 இல் வந்துவிட்டது. ஆயினும் பல அச்சகங்களிலும் சங்கங்களிலும் பழைய எழுத்துருக்களே நெடுங்காலம் தொடர்ந்தன. காரணம் என்ன? மக்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது எளிது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த வரையில் அது உண்மை அன்று.

எங்கள் இதழுக்குப் பல ஆண்டுகள் தட்டச்சு செய்து தந்த பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, முப்பது வருஷமா டைப்ரைட்டர்ல பழகின விரல் இது. யூனிகோடுக்கு மாறுங்க மாறுங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. இந்த வயசுல புதுசா விசை பழகணும்னா நான் எழுதறதையே விட்டுடுவேன்."

யூனிகோடு என்றால் விசைப்பலகையை மாற்றுவது என்று அவர் எண்ணியிருந்தார். அப்படித்தான் அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. இ-கலப்பை, அழகி போன்ற மென்பொருள்களில் பழைய தட்டச்சு முறை, தமிழ்99, ஆங்கில ஒலிவழி முறை எல்லாம் உண்டு. எந்த முறையில் தட்டினாலும் உள்ளே சேமிக்கப்படுவது யூனிகோடுதான். இதைச் செய்து காட்டியதும், "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு அன்றே இரண்டு பக்கம் அடித்துக் கொடுத்தார்.

ஒரு பொது விதியை மக்கள் பழக்கத்துக்குக் கொண்டுவருவது எப்படி என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. அஞ்சல் துறையின் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலண்கர் என்னும் அதிகாரி, வடமொழி அறிஞரும் ஆவார். ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் முகவரிகள் என்ற சிக்கலைத் தீர்க்க ஆறு இலக்கங்கள் போதுமாயின. முதல் இலக்கம் மண்டலத்தைக் காட்டும். ஊருக்குக் கடிதம் எழுதும்போது நாம் எழுதும் 6 என்ற தொடக்க எண் தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த மண்டலத்துக்கு உரியது.

அஞ்சலட்டையிலும் உள்நாட்டுக் கடிதத்திலும் அந்த எண்ணுக்காக ஆறு கட்டங்களை அச்சிட்டுக் கொடுத்தார்கள். விதி என்ன என்று எழுதுபவர் படிக்க வேண்டியதில்லை. காலியான கட்டம் கண்ணில் பட்டாலே கை நிரப்பும். எந்தத் தரத்தையும் பரப்ப விரும்புவோர் இந்த ஆறு கட்டங்களை நினைவில் கொள்ள வேண்டும். எங்கள் நடைமுறைகள் அனைத்தும் இதிலிருந்து பிறந்தவையே.

நாங்கள் வகுத்துக்கொண்ட நடைமுறைகள்

1. சிறியதில் தொடங்குக. பழைய இதழ்கள் முழுவதையும் மாற்றுவோம் என்று கிளம்பினால் மூன்றாம் வாரத்தில் ஆர்வம் குன்றிவிடும். நாங்கள் உறுப்பினர் பெயர்ப் பட்டியலில் தொடங்கினோம். ஒவ்வொரு குடும்பமும் தன் பெயரைத் தானே தமிழில் அடித்தது அல்லது எழுதிக் கொடுத்தது. தம் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்காத மனிதர் உண்டா? சரிபார்க்கும் பணி தானாகவே நடந்தது.

2. பயனை முதலில் காட்டுக, விதியைப் பின்னர்ச் சொல்லுக. பட்டியல் முடிந்ததும் கூட்டத்தில் ஒருவர் பெயரைச் சொல்லச் சொல்லித் தேடிக் காட்டினோம். தமிழில் அடித்ததும் முகவரி வந்து நின்றது. அதற்குப் பிறகு நீண்ட விளக்கம் தேவைப்படவில்லை.

3. விரல் பழக்கத்தை மாற்றச் சொல்லாதீர். மூத்தோர் பழைய தட்டச்சு முறையிலேயே அடிக்கட்டும். புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99 முறையைச் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளில் 247 எழுத்துகளும் வந்துவிடும். 'க' விசையைத் தட்டி 'இ' விசையைத் தட்டினால் 'கி'. 'க' விசையை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். தமிழ் இலக்கணமும் இதனால் மனத்தில் பதியும்.

4. ஆறு கட்டங்களைப் போல ஆயத்தப் படிவம் கொடுங்கள். கட்டுரை அனுப்புவோருக்கு வெற்றுக் கோப்பு ஒன்றை அனுப்புகிறோம். எழுத்துருவும் ஓர அளவும் அதில் முன்பே அமைந்திருக்கும். தலைப்பு, பெயர், ஊர் என்ற இடங்களை நிரப்பினால் போதும். "யூனிகோடில் அனுப்புக" என்று சுற்றறிக்கை விட்டபோது கிடைக்காத பலன் இதில் கிடைத்தது.

5. ஒரே தாளில் அடங்கும் குறிப்பு எழுதுக. நான்கு பக்கக் கையேட்டை யாரும் படிப்பதில்லை. எங்கள் குறிப்பு ஒரு பக்கம். அதில் பெரிய எழுத்தில் ஏழே வரிகள். அடியில் தேதி. ஆண்டுக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்துத் திருத்துகிறோம். யாரேனும் ஒரே ஐயத்தை மூன்று முறை கேட்டால், அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டும் என்று பொருள்.

6. கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை சங்க அறையில் ஓர் இளைஞரும் ஒரு பெரியவரும் இருப்பார்கள். இளைஞருக்குக் கருவி தெரியும், பெரியவருக்குத் தமிழ் தெரியும். இருவரும் சேர்ந்தால்தான் இந்த வேலை நடக்கும்.

7. பழையதை மாற்றும்போது மூலத்தை அழிக்காதீர். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் பல உள்ளன. எதுவும் நூற்றுக்கு நூறு சரியாக மாற்றும் என்று நம்ப வேண்டாம். பழைய கோப்பு, மாற்றிய கோப்பு, அச்சுப் பிரதியின் படம் மூன்றையும் சேர்த்து வைக்கவும். பழைய எழுத்துருவின் பெயரைக் கோப்பின் பெயரிலேயே குறிக்கவும்.

கடைசியாகச் சொன்ன சிறு விதியின் அருமையை ஒரு நிகழ்ச்சி காட்டியது. குடியேறிய நாட்களைப் பற்றி ஓர் அம்மையார் நம் இதழில் தொடராக எழுதியிருந்தார். அவர் மறைந்த பின், பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க அதைச் சிறு நூலாக்க வேண்டும் என்று மகன் கேட்டார். அச்சுப் பிரதிகளில் சில கறையான் அரித்தவை. பழைய நெகிழ்தட்டிலிருந்து எடுத்த கோப்புகளைத் திறந்தால் ஒரு சொல்லும் படிக்க முடியவில்லை. தட்டின் மேல் ஒட்டிய சீட்டில் யாரோ ஒரு புண்ணியவான் எழுத்துருவின் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு சொல்லைக் கொண்டுதான் சரியான மாற்றுக் கருவியைத் தேர்ந்து கட்டுரைகளை மீட்டோம். அதே பெட்டியில் சீட்டு இல்லாத தட்டுகளும் இருந்தன. அவற்றில் சிலவற்றை இன்றும் மீட்க முடியவில்லை.

8. படத்தை மட்டும் சேமிக்காதீர். அச்சுக்குத் தயாரான பிடிஎஃப் கோப்பு பார்வைக்கு அழகாக இருக்கும். பழைய எழுத்துருவில் செய்ததாக இருந்தால் அதில் தேடவும் முடியாது, ஒரு வரியை எடுத்து எழுதவும் முடியாது. ஆகவே பிடிஎஃப் ஒன்று, எளிய உரைக்கோப்பு ஒன்று என இரண்டும் வேண்டும். உரைக்கோப்பைச் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற வகையைத் தேர்ந்தெடுக்கவும்.

பிழை தேடும் பாடம்

யூனிகோடில் சேமித்தாலும் சில பிழைகள் கண்ணை ஏமாற்றும். பார்க்க ஒன்றுபோல் இருக்கும், எண் வேறாக இருக்கும். சரிபார்ப்போர் இவற்றை மனத்தில் கொள்ள வேண்டும்.

ரகர மெய்: 'அவர்' என்பதன் கடைசி எழுத்து ரகரமும் புள்ளியும் சேர்ந்தது. சிலர் காலையும் புள்ளியையும் சேர்த்து 'அவா்' என்று அடிப்பர். பழைய கோப்புகளை மாற்றும்போதும் இப்படி வருவதுண்டு. ரகரத்தின் எண் 2992, காலின் எண் 3006. 'அவர்' என்று தேடினால் மற்றது அகப்படாது.

ஔகாரக் குறி: 'கௌரி' என்பதில் ஔகாரக் குறி ஒரே எண், 3020. அதற்குப் பதிலாக ஒற்றைக் கொம்பும் ளகரமும் இட்டு 'கெளரி' என்று அடித்தால், கணிப்பொறிக்கு அது 'கெ', 'ள', 'ரி' என்ற மூன்று எழுத்துகள். எங்கள் பட்டியலில் ஒரு கௌரி அம்மாவின் பெயர் தேடலில் வராமல் போனதற்கு இதுவே காரணம். 'ஔவை' என்பதை 'ஒளவை' என்று அடிப்பதும் இவ்வகையே.

தமிழ் எண்கள்: 'எ' என்ற எழுத்தும் ஏழைக் குறிக்கும் '௭' என்ற தமிழ் எண்ணும் தோற்றத்தில் ஒத்தவை. எழுத்தின் எண் 2958, இலக்கத்தின் எண் 3053. 'க'வும் ஒன்றைக் குறிக்கும் '௧'வும் அப்படியே.

ஸ்ரீ: இதை ஸகரத்திலிருந்தும் அடிக்கலாம், 2005 இல் யூனிகோடில் சேர்ந்த 'ஶ' எழுத்திலிருந்தும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியும். ஸ்ரீநிவாசன்களும் ஸ்ரீரங்கத்தார்களும் நிறைந்த சங்கப் பதிவேட்டில் இது பெருங்குழப்பம். ஸகரத்தையே பயன்படுத்துவது என்று நாங்கள் முடிவு செய்து குறிப்பில் எழுதிவிட்டோம். எதைத் தேர்ந்தாலும் சரி, ஒன்றையே எங்கும் பின்பற்ற வேண்டும்.

அகர வரிசை: யூனிகோடு எண்களின் வரிசையும் நம் அகராதி வரிசையும் ஒன்றல்ல. எண் வரிசையில் னகரம் 2985, பகரம் 2986. நம் நெடுங்கணக்கிலோ னகரம் கடைசி மெய். வெறும் எண்ணை வைத்து அடுக்கும் நிரலில் 'அன்பு' முன்னும் 'அப்பாதுரை' பின்னும் வரும். தமிழ் அகர வரிசையை அறிந்த நிரல்கள் 'அப்பாதுரை'யை முதலில் வைக்கும். பட்டியலை அச்சுக்கு அனுப்புமுன் இந்த இரு பெயர்களை இட்டுச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

நம் பிள்ளைகளுக்கு இதனால் என்ன?

நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தடுமாறுவார்கள். பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்து வளர்கிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. யூனிகோடில் இருக்கும் தமிழைக் கைபேசி உரக்கப் படித்துக் காட்டும். பழைய எழுத்துருவில் இருப்பதைப் படிக்க அதற்குத் தெரியாது. பாட்டி எழுதியதைக் கண்ணால் படிக்க முடியாத பேரன், காதால் கேட்டாவது அறிவான்.

இன்னொரு வசதியும் உண்டு. யூனிகோடில் இந்திய மொழிகள் பலவற்றின் இடங்கள் இஸ்கி என்ற இந்திய விதியின் அமைப்பை ஒட்டி ஒரே வரிசையில் அமைந்துள்ளன. இந்தியின் 'க' 2325, நம் 'க' 2965. இரண்டுக்கும் வேறுபாடு 640. இந்தியின் 'ம' 2350, நம் 'ம' 2990. இங்கும் 640. இந்தியில் 'க'வுக்குப் பின் வரும் மூன்று எழுத்துகள் தமிழில் இல்லாததால், நம் 'க'வுக்கு அடுத்த மூன்று இடங்கள் காலியாக விடப்பட்டுள்ளன. ஆகவே தமிழ்ப் பாடலை நாகரி எழுத்தில் மாற்றிக் கொடுப்பது கணிப்பொறிக்கு எளிது. நம் ககரம் இடத்துக்கு ஏற்பப் பல ஒலி பெறுவதால் அங்கங்கே கையால் திருத்த வேண்டும். பொங்கல் விழாவில் பாடும் சிறுமிக்கு முதலில் அந்த உதவி கிடைக்கட்டும். பாட்டு மனத்தில் பதிந்த பின் தமிழ் எழுத்தைக் காட்டினால், தெரிந்த பாட்டைப் படிக்கிறோம் என்ற துணிவில் விரைவாகப் படித்துவிடுகிறாள். எங்கள் ஞாயிறு வகுப்பில் இது நல்ல பலன் தருகிறது.

வீட்டுப் பயிற்சி

வீட்டில் பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்து பார்க்க மூன்று பயிற்சிகள் தருகிறேன்.

ஒன்று: 'அம்மா' என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? கணிப்பொறிக்கு எத்தனை எண்கள்? 'கோவை'க்கு எப்படி?

இரண்டு: உங்கள் குடும்பத்தார் பெயர்களைத் தமிழில் அடித்து, ரகர மெய்யும் ஔகாரக் குறியும் ஸ்ரீயும் சரியாக உள்ளனவா என்று பாருங்கள். பிறகு அதே பெயர்களைத் தேடிப் பாருங்கள்.

மூன்று: வீட்டில் பழைய தட்டுகளோ, திருமண அழைப்பிதழ், கவிதை, கடிதம் முதலியவற்றின் பழைய கோப்புகளோ இருந்தால் எடுத்து வையுங்கள். எந்த ஆண்டு, யார் அடித்தது, எந்த எழுத்துரு என்று தெரிந்தவரை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். அடித்தவர் நினைவில் இருக்கும்போதே கேட்டு எழுதுவது நல்லது.

முதற்பயிற்சிக்கு விடை: 'அம்மா'வில் எழுத்து மூன்று, எண் ஐந்து (அ, ம, புள்ளி, ம, கால்). 'கோவை'யில் எழுத்து இரண்டு, எண் நான்கு (க, ஓகாரக் குறி, வ, ஐகாரக் குறி). மற்ற இரண்டுக்கும் விடை உங்கள் வீட்டிலேயே உள்ளது. மூன்றாம் பயிற்சியில் கிடைத்தவற்றை இரண்டாம் ஞாயிறு மாலை சங்க அறைக்குக் கொண்டு வாருங்கள். சீட்டு இல்லாவிட்டாலும் கொண்டு வாருங்கள், முயன்று பார்ப்போம்.